குடும்பப் பாலிசியில் மீதி

முக்கால் மணி நேரம் பேசுவதற்கு நான் ஒரு பகலும் ஓர் இரவும் படுக்கையில் கிடக்க வேண்டும். பாலிசி விதி அப்படி. எழுந்து நடமாடுகிறவனின் துக்கத்துக்குக் கம்பெனி பணம் தராது. படுத்தவனின் துக்கத்துக்குத்தான் தரும்.

அதனால் புதன்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவேன். பச்சை அங்கி கொடுப்பார்கள். சிஸ்டர் ஜிஜி என் புறங்கையில் ஊசி குத்தி பிளாஸ்டர் ஒட்டுவார். தலைக்கு மேலே குளுக்கோஸ் பாட்டில் தொங்கும். அதில் ஒன்றும் இருக்காது. பாட்டிலோடு சேர்த்து என்னை ஒரு போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். போட்டோவில் நான் சோர்வாகத் தெரிய வேண்டும். அதற்கு நான் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

என் பெயர் நாச்சிமுத்து. காந்திபுரத்தில் ஒரு பம்ப்செட் கடையில் விற்பனை பார்க்கிறேன். ஐப்பசியில் என் மனைவி சாந்தாமணி இறந்துபோனாள். இதே ஆஸ்பத்திரிதான், மூன்றாவது மாடி. கார்த்திகையிலிருந்து, சாயங்காலமானால் என் வீட்டுச் சமையலறையில் யாரோ அழுகிறார்கள். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. அழுகை மட்டும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். அது சாந்தாமணியின் அழுகைதான். அவள் மூக்கை உறிஞ்சும் விதம் எனக்குத் தெரியாதா.

நான் சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கிணத்துக்கடவுக்காரர் ஒருவர் போர்வெல் மோட்டார் கேட்டுக் கடைக்கு வந்தார். எவ்வளவு ஆழத்தில் இறக்கினாலும் சிலது மேலே வராது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "போயி டாக்டரைப் பாரு நாச்சிமுத்து. பாலிசி எதுக்கு இருக்குது?" என்றார்.

இன்சூரன்ஸ் மேசையில் நவநீதன் என்பவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு தொலைபேசி. ஒன்று கம்பெனிக்கு. இன்னொன்றும் கம்பெனிக்கு.

"முன்னாடியே இருந்த நோயான்னு கேக்கறாங்க" என்றார், ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டே.

"அவ செத்த பொறகுதாங்க வந்துச்சு."

"அது இல்லீங்க. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க மேல உங்களுக்குப் பாசம் இருந்துதுங்களா?"

"இருந்துதுங்க."

"அதச் சொல்லாதீங்க."

பாலிசி எடுத்த பிறகுதான் பாசம் வந்தது என்று போட்டுக்கொண்டார். அனுமதி கிடைத்துவிட்டது.

மனநலப் பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது. ரொக்கம் கட்டுகிறவர்களுக்கு வாசலிலிருந்து நாலெட்டுதான். பாலிசிக்காரர்களுக்கு அதே தாழ்வாரம் நீளும். காலையில் நான் நடக்க ஆரம்பித்தால், மதியச் சாப்பாட்டு வண்டி என்னை முந்திக்கொண்டு போன பிறகுதான் அறைக்குப் போய்ச் சேருவேன். வழியில் உட்காரப் பெஞ்சு போட்டிருந்தார்கள். குடிக்கத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். குறை சொல்ல முடியாது.

டாக்டர் சுகந்தி சாயங்காலம் வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க" என்பார். நான் சாந்தாமணியைப் பற்றி ஏதாவது சொல்லுவேன். சொல்லி முடித்ததும் அது என்னிடம் இருக்காது. அதுதான் வைத்தியம்.

தையில், முதல் வாரம் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது முன்வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. பெண்கள் செருப்பு. யாருடையது என்று எனக்குத் தோன்றவில்லை. அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். அதுவரை அதைத் தாண்ட முடியாமல் பின்கதவு வழியாகப் போய்வந்துகொண்டிருந்தவன் நான். அன்று சமையலறை அழுகையும் அடுப்பைவிட்டுச் சற்று நகர்ந்து, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போயிருந்தது.

வைத்தியம் வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன்.

"எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டா என்னங்க ஆகும்?"

"முழு குணம்."

"அப்படின்னா?"

"சாந்தாமணின்னு யாராச்சும் கூப்பிட்டா நீங்க திரும்பிப் பாக்க மாட்டீங்க."

"சுத்தமாவேவா?"

"அரைகொறை குணத்துக்குக் கம்பெனி பணம் தராதுங்க."

மாசியில் கட்டணம் மாறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. ஒருவர் ஏணியோடு வந்தார். டாக்டர் அறைக் கதவுக்கு மேலே இருந்த பலகையை ஈரத்துணியால் துடைத்தார். புதிய கட்டணத்தை எழுதினார். கீழே இறங்கி, என் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

குளுக்கோஸ் கம்பத்தை உருட்டிக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்து நவநீதனிடம் போனேன்.

"கட்டணம் ஏறிப்போச்சுங்களே."

"ஆமாங்க. ஆனா கம்பெனி பழைய கட்டணந்தான் குடுக்கும்."

"மீதிய நான் கட்டிடறனுங்க."

"கட்ட முடியாதுங்க. உங்களுது கேஷ்லெஸ். உங்ககிட்ட காசு வாங்கினா அது கேஷ் ஆயிரும்."

"அப்ப என்ன பண்றது?"

"விகிதாசாரக் கழிவுங்க. நாலுல மூணு பங்குக்குக் கம்பெனி குடுக்குது. டாக்டரம்மா நாலுல மூணு பங்கு கேப்பாங்க."

"மீதி ஒரு பங்கு?"

"நீங்க பேசலாங்க. தடையில்ல."

நான் திரும்பி நடந்தேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இது தை மாசத்துல இருந்தே அமலுங்க."

"தையில பேசினதெல்லாம் பேசி முடிச்சாச்சுங்களே."

"அதுல கால்வாசிய உங்களுக்குத் திருப்பிக் குடுத்துருவாங்க."

மறுநாள் வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கொடுத்திருந்தார்கள். வாசலில் கிடந்த ஜோடியில் இடது செருப்பு சாந்தாமணியுடையது. வலது செருப்பு யாருடையதோ. முன்வாசல் வழியாகப் போவதா, பின்கதவு வழியாகப் போவதா என்று தெரியவில்லை. வெகுநேரம் தெருவில் நின்றேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

கழிக்கப்பட்ட கால்வாசி நேரத்தில் டாக்டர் சுகந்தி கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிப்பார். அப்போது அவர் டாக்டர் இல்லை. நான் பேசுவது அவர் காதில் விழாது. ஆனால் அவர் பேசுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேசுவார்.

"இந்த வருசம் பழமெல்லாம் ஒரே புளிப்பு" என்றார் ஒரு வாரம்.

நான் சாந்தாமணியின் கால் வீக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவரிடம் போய்ச் சேரவில்லை. அறையைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது.

பங்குனியில் ஒரு புதன்கிழமை அறைக்குப் போனபோது படுக்கை சூடாக இருந்தது. தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசனையும் மரிக்கொழுந்து வாசனையும் இருந்தன. ஒரு நீளமான முடி கிடந்தது. பாதி கறுப்பு, பாதி நரை.

"இங்க யாரு படுத்திருந்தாங்க சிஸ்டர்?"

"உங்க பாலிசியில உள்ள இன்னொரு ஆள்" என்றார் ஜிஜி. "செவ்வாய்க்கிழமை அட்மிஷன். இப்பதான் டிஸ்சார்ஜ் ஆகிப் போனாங்க."

"என் பாலிசியில நான் மட்டுந்தானுங்க."

"ரெண்டு பேருன்னுதான் இருக்கு."

அவர் விரிப்பை மாற்ற வந்தார். வேண்டாம் என்றேன். அந்தச் சூட்டின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன். பிறகு கம்பத்தை உருட்டிக்கொண்டு நவநீதனிடம் போனேன். தாழ்வாரம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நடுவில் ஒரு டீக்கடை புதிதாக வந்திருந்தது.

"குடும்பப் பாலிசிங்க" என்றார் நவநீதன். "நீங்க ஒரு ஆளு, உங்க வீட்டம்மா ஒரு ஆளு. இருக்கறது ஒரே தொகை. ரெண்டு பேருல யாரு வேணாலும் எடுத்துக்கலாம்."

"அவ ஐப்பசியிலயே செத்துட்டாளுங்க."

"அவங்களுக்கும் சேத்துத்தானே பிரீமியம் கட்டியிருக்கீங்க?"

கட்டியிருந்தேன். அவள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அவளுக்கு என்ன நோயின்னு போட்டிருக்குது?"

நவநீதன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "துக்கமுங்க. கணவர் மறைவு."

"நான் உசுரோட இருக்கறனுங்களே."

"உங்க ஃபைல்ல இருக்கீங்க. அவங்க ஃபைல்ல இல்லீங்க."

"ரெண்டுல எது சரி?"

"ரெண்டுமே அப்ரூவல் ஆயிருக்குதுங்க."

அன்று சாயங்காலம் டாக்டரிடம் நான் ஒன்றும் பேசவில்லை. அவருடைய முக்கால் பங்கு நேரம் முழுக்கச் சும்மா படுத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஆரஞ்சை எடுத்த பிறகு கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வர்றவ எப்படிங்க இருக்கறா?"

அவர் காதில் விழவில்லை. தோலை உரித்துக்கொண்டே அவராகவே சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வருது. பாவம், தூங்கறதே கெடையாது. நீங்களாச்சும் தூங்கறீங்க."

"என்ன சொல்றாங்க?"

"எப்பப் பாத்தாலும் புருசனப் பத்தித்தான். அந்தம்மா சொல்றதப் பாத்தா அப்படி ஒரு நல்ல மனுசன் இருந்திருக்க முடியாதுன்னு எனக்குத் தோணும்."

நான் அப்படியொன்றும் நல்லவன் இல்லை என்று சொன்னேன். அதுவும் அவர் காதில் விழவில்லை. எனக்கு ஒரு சுளை கொடுத்தார். நிஜமாகவே புளித்தது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நான் சமையலறையிலேயே உட்கார ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அழுகை வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். இப்போது அதற்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் யாருக்காக அழுகிறாள் என்று தெரிந்துவிட்டது. என் மனைவி எனக்காக அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாந்தா, நான் இங்கதான் இருக்கறேன்" என்றேன்.

அழுகை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் சட்டைப்பையில் போன் அடித்தது. சாந்தாமணி என்று காட்டியது. அவளுடைய போன் பீரோவுக்குள் செத்துக் கிடக்கிறது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ. நான்தான் சாந்தா பேசறேன்."

அவளுடைய மூச்சு கேட்டது. அதற்கு மேலே இன்னொரு பெண்ணின் குரல் கேட்டது. நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாந்தாமணி வைத்துவிட்டாள். மறுபடியும் அடித்தாள். மறுபடியும் நான் எடுத்தேன்.

தினமும் இது நடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பிவிடுவேன். வரும் வழியில் போனுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். இனி புதன்கிழமை போக வேண்டாம் என்றுகூட நினைத்தேன். அவள் அழட்டும். வீட்டில்தானே இருக்கிறாள்.

சித்திரையில் ஏணிக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை பலகையையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். நவநீதன் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"இனிமே வாராவாரம் கவுன்சிலிங் இல்லீங்க. பேக்கேஜ் ஆயிருச்சு. ஒரே அட்மிஷன், முழு குணம்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்லிரணும். உங்க பாலிசியில மீதி இருக்கறது ஒரு பேக்கேஜுக்கு வரும். கால்வாசிக் கழிவு போக."

"ஒருத்தருக்கா?"

"ஒருத்தருக்குத்தானுங்க. யாருக்குன்னு முதல் உறுப்பினர் சொல்லணும்."

"யாரு முதல் உறுப்பினர்?"

"நீங்கதானுங்க. ரெண்டு ஃபைல்லயும்."

நான் யோசித்தேன். "யாருக்கும் வேண்டாம்னு சொன்னா?"

"சித்திரைக் கடைசியில பாலிசி முடியுது. மீதி போயிரும். நீங்க ரெண்டு பேரும் இப்படியே இருப்பீங்க."

"அடுத்த வருசம் பாத்துக்கலாமா?"

"அடுத்த வருசம் இது முன்னாடியே இருந்த நோயாயிருங்க. அதுக்கு எப்பவும் கெடையாது."

இப்படியே இருப்பீர்கள் என்று அவர் சொன்னது எனக்கு நல்ல வார்த்தையாகவே கேட்டது. இருந்தாலும் கேட்டுவைத்தேன்.

"குணமானா அவ வீட்டுக்கு வருவாளுங்களா?"

"யாரு வீட்டுக்குங்க?" என்றார் நவநீதன்.

மீதியை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். போகும் பணம் போகட்டும். நான் அவளைத் தாண்டிப் போக மாட்டேன். அவளும் என்னைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. இப்படியே இருபது வருஷம் வேண்டுமானாலும் ஓடும் என்று தோன்றியது. வரும் வழியில் ஒரு பாடலைக்கூட முணுமுணுத்தேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அழுகை இல்லை. போன் அடித்தது. எடுத்தேன். எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் சொல்லி முடிக்கும்வரை சாந்தாமணி பொறுமையாக இருந்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, எப்ப வருவேன்னு அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

அந்தப் பெண் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னாள்.

"சரீங்கம்மா" என்றாள் சாந்தாமணி. வைத்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி அதையே கேட்டாள். குரலில் கோபமே இல்லை. வரிசையில் நிற்கிறவர்கள் கேட்பது போல, தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சத்தோடு கேட்டாள். என் போனில் சார்ஜ் தீர்ந்தது. அதற்குப் பிறகும் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் பொத்தான்களை அமுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அமுக்கலுக்குப் பிறகும், "சரீங்கம்மா."

இதையா வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன் என்று இருந்தது.

காலையில் நவநீதனிடம் போனேன். "அவளுக்கே குடுத்துருங்க" என்றேன்.

"நல்லதுங்க" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பேக்கேஜுக்கு ஒரு அட்டெண்டர் கட்டாயமுங்க. பேஷண்ட் கூட யாராச்சும் இருக்கணும்."

"நான் இருக்கறேன்."

"உறவு?"

"புருசன்."

"அப்படிப் போட முடியாதுங்க. புருசன் எறந்துட்டார்னு ஃபைல்ல இருக்குது."

"அப்ப என்ன போடுவீங்க?"

"தெரிஞ்சவர்னு போட்டுக்கறேன்."

மஞ்சள் அட்டை ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டதும் அவள் தெரிந்தாள்.

தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கட்டைப்பை. இளைத்துப்போயிருந்தாள். ரவிக்கை கையில் தொளதொளவென்று கிடந்தது. ஐப்பசிக்குப் பிறகு அவள் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன். நான் முன்னால் போய் நின்றேன். அவள் கண்கள் என் முகம் இருந்த இடத்தை நிற்காமல் கடந்தன. அட்டையில் வந்து நின்றன. அட்டெண்டர் என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"போலாங்களா?" என்றாள் அட்டையிடம்.

அவளோடு சேர்ந்து தாழ்வாரத்தில் நடந்தேன். எவ்வளவு நீளமானாலும் ஆகட்டும் என்று நடந்தேன். அன்றைக்குப் பார்த்து அது சீக்கிரம் முடிந்துவிட்டது.

அட்டெண்டர் செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் செய்தேன். ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வந்தேன். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன். சிஸ்டர் ஜிஜி அவள் கையில் ஊசி குத்தும்போது அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்திருப்பது போலத்தான் என் கையைப் பிடித்திருந்தாள். போட்டோ எடுத்தார்கள். எனக்கும் அதில் இருக்க ஆசையாக இருந்தது. அட்டெண்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள்.

சாயங்காலம் டாக்டர் சுகந்தி வந்தார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். எனக்குத் திரைக்கு வெளியே ஒரு ஸ்டூல்.

"எல்லாத்தையும் சொல்லிருங்க" என்றார்.

சாந்தாமணி சொன்னாள். யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் அவர்கள் மோட்டாரைத் தட்டிப் பார்ப்பதைச் சொன்னாள். அவளுக்கு மல்லிகை வாங்கப் போய் மரிக்கொழுந்து வாங்கி வந்ததைச் சொன்னாள். அதை நான் ஒவ்வொரு முறையும் தெரியாமல்தான் செய்தேன் என்பதையும், அவள் ஒவ்வொரு முறையும் அதையே வைத்துக்கொண்டதையும் சொன்னாள். குழந்தை இல்லை என்று என் அக்கா பேசியபோது நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டு எழுந்ததைச் சொன்னாள். தூக்கத்தில் நான் விலைப்பட்டியல் ஒப்பிப்பதைச் சொல்லும்போது சிரித்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் லேசாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றும் அவளைவிட்டுப் போவது எனக்குத் திரைக்கு இந்தப் பக்கம் தெரிந்தது. ஸ்டூலில் நான் இருக்கும் இடம் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு நாற்காலி கிரீச்சிட்டது. ஆரஞ்சு வாசனை வந்தது. கால்வாசி நேரம் ஆரம்பித்துவிட்டது.

சாந்தாமணி நிறுத்தவில்லை. அவளுக்குக் கழிவைப் பற்றித் தெரியாது போலிருக்கிறது.

"அவரு ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடலீங்க" என்றாள். "என் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எனக்கு மூச்சு முட்டுது. அவரு பாத்துட்டு இருக்கறப்ப எதுவும் ஆயிரக் கூடாதுன்னு இருந்துச்சு. கீழ கேன்டீன்ல தயிர்சாதம் நல்லாருக்குமாம், சாப்பிட்டுட்டு வாங்கன்னேன். மாட்டேன்னாரு. நான் கோவிச்சுக்குவேன்னு சொன்னேன். அப்பறந்தான் போனாரு. போனவரு இன்னும் வரலீங்க. சாப்பிட்டாரான்னுகூடத் தெரியல."

"இது கொஞ்சம் பரவால்ல, இனிப்பா இருக்குது" என்றார் டாக்டர்.

டாக்டர் கேட்கவில்லை. கம்பெனியும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். நான் திரும்பி வந்தேன் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. கேன்டீனில் டோக்கன் வாங்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலேயே மாடி ஏறி வந்தேன். கட்டிலில் வேறு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டேன் சாந்தா" என்றேன் திரையைப் பார்த்து.

அட்டெண்டர் பேசக் கூடாது என்று சிஸ்டர் ஜிஜி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

மறுநாள் காலையில் டாக்டர் திரையை விலக்கினார். "நாச்சிமுத்து" என்று சத்தமாகக் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். சாந்தாமணி தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் சீப்பு நிற்கவில்லை. டாக்டர் முழு குணம் என்று எழுதிவிட்டுப் போனார்.

குணமானவர்களுக்குத் தாழ்வாரம் நாலெட்டுதான். நான் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வாசல்வரை வந்தேன். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவள் பையை வாங்கும்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, உங்களுக்கு உள்ள யாருங்க?"

அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். எங்கள் ஊரில் தெரியாதவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என் சம்சாரமுங்க" என்றேன்.

"இப்ப எப்படி இருக்கறாங்க?"

"நல்லாயிட்டாங்க."

"அப்பச் சந்தோசமுங்ண்ணா" என்றாள். அவள் முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது. அதைப் பார்த்தபோது செய்தது சரி என்றுதான் பட்டது. உள்ளே என்னவோ அறுந்து விழுந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

"நீங்க எங்கீங்க போறீங்க?"

"தெரியலீங்ண்ணா. லேசா இருக்குது. அப்படியே நடந்து பாக்கறேன்."

படியில் இறங்கினாள். இரண்டு படி இறங்கியவள் நின்றாள். எதையோ எங்கோ வைத்துவிட்டு வந்தது போலத் திரும்பினாள்.

"நீங்க சாப்பிட்டீங்களாங்ண்ணா?"

"இல்லீங்க."

"போயிச் சாப்பிடுங்க. கூட இருக்கறவங்கதான் ஒடம்பக் கெடுத்துக்குவாங்க. இங்க கேன்டீன்ல தயிர்சாதம் நல்லாருக்குமாம்."

"சரீங்க" என்றேன்.

அவள் கேட்டைத் தாண்டி அவினாசி ரோட்டுக் கூட்டத்தில் கலந்துபோனாள். நான் கேன்டீனுக்குப் போனேன். கூட்டமில்லை. தயிர்சாதம் கேட்டேன், வைத்தார்கள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவசரமாக மாடி ஏறிப் போய்ப் பார்ப்பதற்கு யாரும் இல்லை. இன்னொரு தட்டு கேட்டேன்.